படுத்திருக்கும் எஞ்சின்

1986-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். காஞ்சிபுரத்தில் ஒரு திருமணம். சித்தப்பாவின் பத்மினி காரில் நாங்கள் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம். ஏனாத்தூரை நெருங்கும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கினால் ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வருகிறது. சாலையை ஒட்டிய வயலில், கிணற்று மேட்டில், ஓர் ஆயில் எஞ்சின் தொப் தொப்பென்று ஓடி நீர் இறைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்து, ஆவி அடங்கியதும் அடங்காததுமாக, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினில் ஊற்றியவன் நான்தான். கல்லூரியில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு வண்டி கிளம்பவில்லை. அருகிலிருந்து அழைத்து வரப்பட்ட மெக்கானிக் முதலில் என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். "சூட்டோட சூடா பச்சத் தண்ணிய ஊத்திட்டீங்களா, சார்? ஹெட்டு வளைஞ்சிருக்கும்" என்றார். புங்கமரத்து நிழலில் வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். அதைக் கவிழ்த்து, மட்டப் பலகையை அதன்மேல் வைத்துக் காட்டினார். நடுவில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. முகூர்த்தம் போனது போனதுதான்.

தலைப்பகுதியைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிச் சீவிக்கொண்டு வரும்வரை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு எஞ்சின்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்று மேட்டில் ஒன்று, சிமெண்டுப் படுக்கையில் போல்ட்டுப் போட்டு இறுக்கியும் துள்ளிக்கொண்டிருந்தது. காரில் மற்றொன்று, அது ஓடும்போது ஸ்டீயரிங்கில் ஓர் ஊசி அதிர்வு மட்டுமே தெரியும். ஒன்று துள்ளுவானேன்? மற்றொன்று ஏறத்தாழ அடங்கி ஓடுவானேன்? முற்றிலும் அடங்கி ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள் என்பதையும், பத்மினியின் எஞ்சினைப் போலவே அதுவும் இத்தாலிக்காரர்கள் கைவண்ணம் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அந்த எஞ்சினைப் பற்றியும், அதைப் பேணுவதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

முதலில் கிணற்று மேட்டு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரே உருளை. உருளைக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய் வருகிறது. அந்த ஆட்டத்தை, கனெக்டிங் ராடு எனப்படும் இணைப்புத் தண்டு வாங்கி, முழங்கைபோல் வளைந்த வணரித் தண்டைச் சுழற்றுகிறது. இந்த வணரித் தண்டைத்தான் மெக்கானிக்குகள் கிராங்க் என்கிறார்கள். பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று, திரும்பிக் கீழே வந்து, மீண்டும் நின்று மேலே போக வேண்டும். ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஞ்சினின் உடலும் அப்படித்தான் இழுபடுகிறது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய வகைப் பம்ப்செட் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றுகிறது. பிஸ்டன் ஒரு வீச்சில் நகரும் தொலைவு சுமார் 14 செ.மீ. பிஸ்டனும் அதைச் சார்ந்தவையும் 3 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். வீச்சில் பாதியைக் கோண வேகத்தின் இருமடியால் பெருக்கினால், முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 33 மடங்கு என்று வரும். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் 100 கிலோ எடைக்குச் சமமான விசை எஞ்சினை மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் இழுக்கிறது. எதிர் எடை வைத்து இதில் ஒரு பகுதியைத்தான் சமன் செய்ய முடியும். எதிர் எடை வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டனோ நேர்கோட்டில் ஆடுகிறது. முழுவதையும் சமன் செய்யப் போனால் மேல் கீழாக இருந்த துள்ளல் பக்கவாட்டுத் துள்ளலாக மாறிவிடும்.

பத்மினியில் நான்கு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நடு இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது ஓர இரண்டும் கீழே வரும். ஏற்றம் இறைக்கும் துலாவில் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல, இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு மிச்சம் இருக்கிறது. மாணவர்கள் காகிதத்தில் ஒரு வட்டமும் ஒரு சாய்கோடும் வரைந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். இணைப்புத் தண்டு சாய்ந்து நிற்பதால், வணரித் தண்டு கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் சரியாகப் பாதி வழியில் இருப்பதில்லை. பாதிக்குக் கீழே இருக்கும். எனவே மேற்பாதியில் பிஸ்டன் சற்று விரைவாகவும், கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் நகர்கிறது. மேலே திரும்பும்போது உண்டாகும் இழுப்பு கீழே திரும்பும்போது உண்டாவதைவிடப் பெரிது. இரண்டும் முழுவதும் கழிவதில்லை. மிஞ்சுவது, வணரித் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இருமுறை எழும் ஓர் அதிர்வு. இதற்கு இரண்டாம் நிலை அதிர்வு என்று பெயர்.

ஒரு பிஸ்டனின் முதன்மை விசையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு மிஞ்சும். இதில் வேடிக்கை என்னவென்றால், நான்கு பிஸ்டன்களின் மிச்சமும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் எழுகின்றன. நான்கு கால் சேர்ந்தால் ஒன்று! பத்மினியின் வீச்சு 75 மி.மீ.; உச்சத் திறன் நிமிடத்துக்கு 4,800 சுற்றில். பிஸ்டன் அரைக் கிலோ என்று கொண்டால், அந்த வேகத்தில் ஏறத்தாழ 480 கிலோவுக்குச் சமமான விசை, நிமிடத்துக்கு 9,600 தடவை எஞ்சினை மேலும் கீழும் அசைக்கிறது. ரப்பர்க் கட்டைகள் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் நம் கைக்கு வந்து சேர்வது அந்த ஊசி அதிர்வு மட்டுமே.

இதைக் களைய ஓர் எளிய வழி உண்டு. உருளைகளை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து, இரண்டை வலப்பக்கமும் இரண்டை இடப்பக்கமும் எதிரெதிராக வைத்துவிடுவது. எதிரெதிர் பிஸ்டன்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரவேண்டும். இருவர் எதிரெதிரே நின்று ஒரே மாதிரி கைகளை வீசினால் எப்படி இருக்கும்? ஒருவர் வலப்பக்கம் தள்ளும் அதே கணத்தில் மற்றவர் அதே அளவு இடப்பக்கம் தள்ளுகிறார். முதன்மை விசையும் கழிந்தது. இரண்டாம் நிலை விசையும் கழிந்தது. எதிரெதிர் உருளைகள் ஒரே கோட்டில் இல்லாமல் சற்று முன்பின்னாக இருப்பதால், எஞ்சினை இடம் வலமாகத் திருகும் ஒரு சிறு முறுக்கம் மட்டும் மிஞ்சும். அது பொருட்படுத்தத் தக்கதன்று.

குத்துச்சண்டை வீரன் கைகளை வீசுவதுபோல் பிஸ்டன்கள் வீசி ஆடுவதால் இதற்கு 'பாக்சர்' எஞ்சின் என்று பெயர் வந்தது. 'பாக்சர்' என்றதும் நம்மூரில் ஓடிய பஜாஜ் மோட்டார் சைக்கிள் சிலருக்கு நினைவு வரலாம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதன் எஞ்சினுக்கு ஓர் உருளைதான். இத்தாலியின் பெராரி நிறுவனம் 1973 முதல் விற்ற ஒரு பன்னிரண்டு உருளைக் காருக்கும் 'பாக்சர்' என்றே பெயர் சூட்டியது. ஆனால் அதில் எதிரெதிர் பிஸ்டன்கள் இரண்டும் வணரித் தண்டின் ஒரே முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வெளியே போனால் மற்றொன்று உள்ளே வரும். கண்டிப்பாகச் சொன்னால் அது விரித்துப் படுக்கவைத்த 'வி' வடிவ எஞ்சின். உண்மையான பாக்சரில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனி முழங்கை உண்டு.

இந்தக் கருத்து புதியதன்று. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1890-களின் பிற்பாதியிலேயே இரண்டு உருளைகளை எதிரெதிர் வைத்து எஞ்சின் செய்துவிட்டார். இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் 'வண்டு'க் காரின் பின்புறத்தில் இருந்ததும் காற்றால் குளிரும் படுக்கை எஞ்சின்தான். நம் நாட்டில் இது தரையைவிட ஆகாயத்தில் மிகுதியாகப் பழக்கமானது. 1958-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் என்னும் சிறு விமானத்தை நம் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கியது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சங்கங்கள் பலவற்றில் அது இருந்தது. அதன் மூக்கில் இருந்தது 90 குதிரைத்திறன் கொண்ட, நான்கு உருளைகளுள்ள படுக்கை எஞ்சின். இலேசான விமானத்துக்கு அதிர்வு ஆகாது. விமானிக்கு முன்னால் உயரமான எஞ்சின் நின்று பார்வையை மறைக்கவும் கூடாது. இரண்டுக்கும் படுக்கை எஞ்சின் பொருந்திவருகிறது.

இனி இத்தாலிக்குப் போவோம். அந்த நாட்டின் வடபகுதி தொழில் வளம் மிக்கது. தென்பகுதி வேளாண்மையை நம்பியது. தெற்கத்தி இளைஞர்கள் வேலை தேடி மிலானுக்கும் டூரினுக்கும் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்று, அரசுக்குச் சொந்தமாக இருந்த ஆல்பா ரோமியோ நிறுவனம் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே பொமிலியானோ தார்கோ என்ற ஊரில் புதிய தொழிற்சாலை எழுப்பியது. 1968-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கு உருவான காருக்கு 'ஆல்பாஸுட்' என்று பெயர். 'ஸுட்' என்றால் இத்தாலிய மொழியில் தெற்கு. (நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வயல்கள் கார்த் தொழிற்சாலைகளாக மாறியதைக் கண்டவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.) கார் முழுவதையும் வடிவமைக்கும் பொறுப்பு ருடால்ப் ஹ்ருஸ்கா என்ற ஆஸ்திரியப் பொறியியலாரிடம் கொடுக்கப்பட்டது. போர்ஷே குழுவில் இருந்து 'வண்டு'க் காரின் வேலையைப் பார்த்தவர் அவர். படுக்கை எஞ்சின்மேல் அவருக்கு நாட்டம் ஏற்பட்டதில் வியப்பில்லை. மேற்கூட்டுக்கு உருவம் கொடுத்தவர் ஜுஜாரோ. 1971 இறுதியில் டூரின் கண்காட்சியில் கார் வெளிவந்தது.

ஹ்ருஸ்காவின் முன்னே இருந்த சிக்கல் இதுதான்: சிறிய கார், ஐந்து பேர் உட்கார இடம் வேண்டும், முன்சக்கரங்களே வண்டியை இழுக்க வேண்டும், விரைந்து திரும்பினாலும் சாயக் கூடாது. படுக்கை எஞ்சின் உயரம் குறைந்தது. ஆகவே வண்டியின் மூக்கைத் தாழ்வாக அமைக்கலாம், புவியீர்ப்பு மையமும் தாழ்ந்துவிடும். உருளைகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்பதால் நீளமும் குறைவு. முன் அச்சுக்கு முன்னால் வைத்தாலும் நீண்டு துருத்தாது. எல்லாம் நன்மைதான். அகலம் ஒன்றுதான் தொல்லை. முன்சக்கரங்கள் திரும்புவதற்கு இருபுறமும் இடம் விட்டாக வேண்டும். வீச்சு ஒரு மி.மீ. கூடினால் எஞ்சின் இரு பக்கமும் நீளும்.

எனவே அவர்கள் வீச்சைச் சுருக்கி, உருளையின் விட்டத்தைப் பெருக்கினார்கள். விட்டம் 80 மி.மீ.; வீச்சு 59 மி.மீ. மட்டுமே. நான்கு உருளைகளின் மொத்தக் கொள்ளளவு 1,186 கன செ.மீ. பத்மினியின் எஞ்சினில் விட்டம் 68, வீச்சு 75, கொள்ளளவு 1,089. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு எஞ்சின்கள். ஒன்று குட்டையும் பருமனும், மற்றொன்று நெட்டையும் ஒல்லியும். திறனைப் பாருங்கள். பத்மினி 4,800 சுற்றில் சுமார் 40 குதிரைத்திறன் கொடுத்தது. ஆல்பாஸுட் 6,000 சுற்றில் 63 குதிரைத்திறன் கொடுத்தது. இவ்வளவு வேகமாகச் சுழன்றால் தேய்ந்துபோகாதா என்று கேட்கலாம். பிஸ்டன் ஒரு வினாடியில் சராசரியாக எத்தனை மீட்டர் நகர்கிறது என்று கணக்கிட்டால் விடை கிடைக்கும். வீச்சை இரண்டால் பெருக்கி, வினாடிக்குரிய சுற்றுகளால் பெருக்க வேண்டும். பத்மினிக்கு 12 மீட்டர். ஆல்பாஸுட்டுக்கு 11.8 மீட்டர்! 1,200 சுற்று கூடுதலாகச் சுழன்றும் பிஸ்டன் ஓடிய வேகம் கூடவில்லை. இடநெருக்கடிக்காகச் சுருக்கிய வீச்சு, வேகமாகச் சுழலும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

வார்ப்பிரும்பு உடல், இரு பக்கமும் அலுமினியத் தலைகள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒவ்வொரு தலையிலும் ஒன்று. ஒவ்வொரு கேம் தண்டையும் வணரித் தண்டிலிருந்து ஒரு பற்பட்டை ஓட்டுகிறது. இங்கேதான் பேணுவோரின் கதை தொடங்குகிறது. நிற்கும் எஞ்சினில் ஒன்றாக இருப்பதெல்லாம் படுக்கும் எஞ்சினில் இரண்டாகிவிடும். தலை இரண்டு, தலைக்கடியில் வைக்கும் கேஸ்கட் இரண்டு, கேம் தண்டு இரண்டு, பட்டை இரண்டு, மூடிகள் இரண்டு. ஒவ்வொன்றும் பக்கவாட்டில், சக்கரக் கூட்டின் அருகே நெருக்கடியான இடத்தில் கிடக்கும். வால்வு மூடி எஞ்சினின் விலாவில் இருப்பதால், அதன் கேஸ்கட் சற்றே தளர்ந்தாலும் எண்ணெய் கசிந்து கீழே சொட்டும். நிற்கும் எஞ்சினில் மூடி உச்சியில் இருக்கிறது. அங்கே எண்ணெய் தேங்குவதில்லை.

ஆல்பாஸுட்டின் வடிவமைப்பாளர்கள் இதை உணராதவர்கள் அல்லர். வால்வுக்கும் கேமுக்கும் நடுவே விடவேண்டிய நூலிழை இடைவெளியைச் சரிசெய்வது எப்போதுமே தொல்லை பிடித்த வேலை. மேலே கேம் தண்டு உள்ள பல எஞ்சின்களில் அந்தத் தண்டையே கழற்றி, அடியில் வெவ்வேறு கன அளவுள்ள தகடுகளை மாற்றி வைக்க வேண்டும். ஆல்பாஸுட்டில் கேம் தண்டின் குறுக்கே துளை இட்டிருந்தார்கள். அந்தத் துளை வழியாக ஆறுமுகச் சாவியை நுழைத்து, வால்வின் தலைமேலுள்ள திருகைத் திருப்பினால் போதும். எதையும் கழற்ற வேண்டாம். எனக்கு இந்த எஞ்சினில் மிகவும் பிடித்தது, 63 குதிரைத்திறனைவிட, இந்தத் துளைதான். கையில் சாவி பிடிக்கப்போகிறவனை நினைத்துப் பார்த்தவர்கள் செய்த வேலை அது.

பற்பட்டைகள் ரப்பரால் ஆனவை. சங்கிலிபோல் சலசலக்காது, எண்ணெயும் வேண்டாம். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தாலும் அது வெடித்துக் காயும். எனவே பட்டையைக் கிலோமீட்டர்க் கணக்கு பார்த்து மட்டும் மாற்றினால் போதாது. ஆண்டுக் கணக்கும் பார்க்க வேண்டும். பழைய கார்களை ஆசையாகப் பாதுகாப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இதில்தான். பட்டை அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். வணரித் தண்டு நிற்காது. எஞ்சின் வகையைப் பொறுத்து, திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடுவதும் உண்டு. சில நூறு ரூபாய்ப் பட்டைக்காக எஞ்சினையே பிரிக்க நேரும்.

மற்றோர் இடர்ப்பாடு எரிபொருள் கலவையைப் பற்றியது. தொடக்கத்தில் ஆல்பாஸுட்டில் நடுவே ஒரே கார்புரேட்டர். அதிலிருந்து கலவை வலமும் இடமும் நீண்ட குழாய்களில் போக வேண்டும். குளிர்ந்த காலையில் பெட்ரோல் ஆவி அந்தக் குழாய்ச் சுவர்களில் படிந்து துளியாகிவிடும். எஞ்சின் சூடேறும்வரை இருமும். பிற்கால விரைவு வகைகளில் பக்கத்துக்கு ஒரு கார்புரேட்டர் வைத்தார்கள். இருமல் குறைந்தது, வேறு வேலை வந்தது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்குமாறு அடிக்கடி ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வலுத்து ஒரு பக்கம் இளைத்தால், எதிரெதிர் பிஸ்டன்கள் ஈடுகட்டிக் காத்த அமைதி போய், எஞ்சின் தயங்கித் தயங்கி ஓடும். சமநிலையை வரைபடத்தில் வாங்கிவிடலாம். பட்டறையில் அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

படுக்கை எஞ்சினைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு குறை உண்டு. பிஸ்டன் தன் எடையால் உருளையின் அடிப்பக்கத்தை அழுத்தி, அங்கே மட்டும் தேய்த்துவிடும் என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. கணக்கைப் பார்ப்போம். 59 மி.மீ. வீச்சில் 6,000 சுற்றுச் சுழலும்போது, அரைக் கிலோ பிஸ்டனின் முனை இழுப்பு ஏறத்தாழ 600 கிலோவுக்குச் சமம். எரியும் வாயு தள்ளும் விசையும் நூற்றுக்கணக்கான கிலோதான். இணைப்புத் தண்டு சாயும்போதெல்லாம் இவற்றில் ஒரு பங்கு உருளைச் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு நடுவே அரைக் கிலோ எடை எம்மாத்திரம்? யானை மிதிக்கும் இடத்தில் எறும்பின் பாரத்தைக் கணக்கிடுவதுபோல் இது. ஆனால் எஞ்சின் ஓடாமல் நீண்ட நாள் நின்றால் எண்ணெய் அடிப்பக்கம் தேங்கி, சிறிது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரியறைக்குள் கசிவது உண்மை. முதல் முடுக்கலில் நீலப் புகை வருவது அதனால்தான். ஓரிரு நிமிடங்களில் நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆல்பாஸுட்டை அழித்தது எஞ்சின் அன்று, துரு. சட்டத்தின் உள்ளீடற்ற பகுதிகளில் அடைத்த நுரைப்பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. தகடு உள்ளிருந்தே அரிக்கப்பட்டது. தொழிற்சாலையில் வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. நல்ல எஞ்சினோடும், நல்ல ஓட்டத்தோடும் பிறந்த கார், ஐந்தாறு ஆண்டுகளில் கதவடியில் ஓட்டை விழுந்து நின்றது. முன்சக்கரத் தடைத் தட்டுகளையும் சக்கரத்தில் வைக்காமல் உள்ளே கியர்ப் பெட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள். சக்கரத்தின் பாரம் குறைந்து ஓட்டம் மெருகேறியது. தடைத் தட்டு மாற்ற வேண்டியவனுக்கோ பெரும்பாடு. ஏறத்தாழ 9 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. எஞ்சின் மட்டும் கொள்ளளவு 1,712 கன செ.மீ. வரை வளர்ந்து, வேறு ஆல்பா கார்களுக்குள் புகுந்து, 1990-களின் பிற்பகுதி வரை வாழ்ந்தது.

இப்போது பத்மினியின் எஞ்சினுக்குத் திரும்புவோம். அதன் பிறப்பு 1937. பியட் நிறுவனம் அந்த ஆண்டில் வெளியிட்ட '508 சி' என்ற காருக்காகத் தாந்தே ஜியாகோசா வடிவமைத்த எஞ்சினின் விட்டமும் வீச்சும் அதே 68, 75 மி.மீ. பியட்டின் வடிவமைப்பு அலுவலகத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் அந்தோனியோ பெசியா. பின்னாளில் லான்சியா நிறுவனத்துக்குப் போய், 1960-இல் வெளிவந்த பிளாவியா காருக்குப் படுக்கை எஞ்சின் அமைத்தவரும் இதே பெசியாதான்! நிற்கும் எஞ்சினுக்கும் படுக்கும் எஞ்சினுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் பம்பாயின் குர்லாவில் பியட் 1100 கார்களைச் செய்தது. 1970-களில் அதே காருக்குப் 'பத்மினி' என்று பெயர் வந்தது. இத்தாலியில் அந்த எஞ்சின் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும் அதே 68, அதே 75 இங்கே 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை வார்க்கப்பட்டன. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில்தான் விடைபெற்றன.

போட்டியில்லாச் சந்தை அதை வாழவைத்தது என்பார்கள். அது பாதி உண்மை. காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அந்த எஞ்சின் பழுதாகும்போதெல்லாம் மரத்தடியிலேயே எழுந்து நின்றதை எப்படி விளக்குவது? முன்மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்முன்னே நிற்கிறது. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், வால்வு மூடி என எதை எடுக்கவும் வேறொன்றைக் கழற்ற வேண்டியதில்லை. தலையைத் தூக்க ஒரு மணி நேரம் போதும் என்பதை ஏனாத்தூரில் என் கண்ணால் பார்த்தேன். பல படுக்கை எஞ்சின்களில் அதே தலையைக் கழற்ற எஞ்சினையே வண்டியிலிருந்து இறக்கிவிடுவது எளிது என்கிறார்கள், இப்போது அந்த வேலையைச் செய்பவர்கள்.

நான் செய்த பிழைக்கு மட்டும் இரண்டு எஞ்சின்களும் ஒன்றுபோலவே தண்டனை கொடுக்கும். இரண்டிலும் வார்ப்பிரும்பு உடலின்மேல் அலுமினியத் தலை. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரிகிறது. 40 செ.மீ. நீளமுள்ள தலை, 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீளும், அடியிலுள்ள இரும்பு அதில் பாதிதான் நீளும். போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்க, நடுவிலுள்ள கேஸ்கட் இந்த வேற்றுமையைத் தாங்கிக்கொள்கிறது. மெல்லச் சூடேறி மெல்ல ஆறினால் கெடுதல் இல்லை. கொதிக்கும் தலையில் ஒரு பக்கமாகக் கிணற்று நீர் பாய்ந்தால், பட்ட இடம் சட்டென்று சுருங்கும். படாத இடம் விரிந்தே நிற்கும். தலை வளையாமல் என்ன செய்யும்? கிணற்று நீரில் உள்ள உப்பு வேறு, நாளடைவில் நீர்வழிகளில் அடுப்பங்கரைக் கெண்டியில் படிவதுபோல் வெள்ளைப் பொருக்காகப் படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கும். சித்தப்பாவின் வண்டி அன்று கொதித்ததற்கும் அதுதான் காரணம் என்று மெக்கானிக் பின்னர் ஒரு திருப்புளியால் சுரண்டிக் காட்டினார். ரேடியேட்டருக்கு உப்பில்லாத நீரும் குளிர்விக்கும் திரவமும் கலந்து ஊற்ற வேண்டும். வழியில் கொதித்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது பொறுத்து, மூடியில் கை வைக்கலாம் என்ற அளவுக்கு ஆறிய பிறகு திறக்க வேண்டும். அப்போதும் சிறிது சிறிதாகத்தான் ஊற்ற வேண்டும்.

சீவிய தலை மறுநாள் முற்பகலில் வந்தது. புதுக் கேஸ்கட்டை வைத்து, மெக்கானிக் நடுப் போல்ட்டில் தொடங்கி, ஒன்று மாற்றி ஒன்று, வெளிப்பக்கமாக இறுக்கிக்கொண்டே போனார். ஒரே மூச்சில் முழுவதும் இறுக்கவில்லை; மூன்று சுற்று. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் மேடு விழுந்துவிடும் என்றார். வால்வு இடைவெளிக்குத் தகட்டளவியை என் கையில் கொடுத்து, "நீங்களே ஒண்ணு வெச்சுப் பாருங்க, சார்" என்றார். தகடு வால்வுக்கு மேல் புகுந்து, மெல்லிய பிடிப்போடு நகர வேண்டும். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் அந்தப் பிடிப்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. வண்டி கிளம்பியது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வாருங்கள், போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதமே போனோம். பாதிப் போல்ட்டுகள் சாவிக்கு இன்னும் கால் சுற்று இடம் கொடுத்தன.